பன்னிரண்டு பத்து பஸ்

"கிழக்கு வந்துருச்சு."

காலை 11 மணி தாண்டினால் எங்கள் கிளையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் தலையைக்கூடத் தூக்க மாட்டார். கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வோம். காசாளர் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு மூடியை இறுக்கி வைப்பார். இன்னும் அரை மணி நேரத்தில் சத்தம் ஆரம்பிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த வங்கிக் கிளையில் 2011 முதல் 2018 வரை வேலை பார்த்தேன். கிழக்கு என்று நாங்கள் சொன்னது அந்தத் திசையில் அடுத்தடுத்து இருந்த மூன்று கிராமங்களை. நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க, முதியோர் பணம் எடுக்க, மகளிர் குழுத் தவணை கட்ட, அடகு வைத்த கம்மலைத் திருப்ப என்று அந்த மூன்று ஊர்க்காரர்களும் எங்கள் கிளைக்குத்தான் வர வேண்டும். வந்தால் சண்டை. வரிசையில் முண்டுவார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிடும் முன்னே கண்ணாடிக்கு அடியில் பாஸ்புக்கைத் தள்ளுவார்கள். "எவ்வளவு நேரந்தான் நிக்கது?" என்று ஒருவர் ஆரம்பித்தால் பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். "மேடம், கிழக்குப் பக்கத்து ஆட்களுக்கு வாய் ஜாஸ்தி. பார்த்து நடந்துக்குங்க." மூன்று ஊரிலும் பெரும்பாலும் ஒரே சமூகத்தார். அதனால் ஊரைப் பற்றிச் சொன்ன அந்தப் பேச்சு சீக்கிரமே சமூகத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். யாரும் வாய்விட்டுப் பெயர் சொல்ல மாட்டார்கள். "அவங்க அப்படித்தான்" என்பார்கள். அந்த "அவங்க"வை எந்த இடத்தில் அழுத்தினால் எது புரியும் என்று தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானும் நம்பினேன். ஒப்புக்குத் தலையாட்டியது இல்லை, முழுமனதாக நம்பினேன். தினமும் கண்ணால் பார்க்கிறேனே. கண்ணால் பார்ப்பதை எப்படி நம்பாமல் இருப்பது?

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி. வெற்றிலைக் காவி ஏறிய பல், காதில் தண்டட்டி போட்டுத் தொங்கிய துளை, இப்போது அதில் ஈர்க்குச்சி. என் கவுன்ட்டரில் ஒருவர் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை நுழைத்து பாஸ்புக்கை என் பக்கம் தள்ளினார். "இதைக் கொஞ்சம் பாத்துரு தாயி." நான் அதை அப்படியே திருப்பித் தள்ளினேன். "எல்லாரும் வரிசையிலதானே நிக்கிறாங்க? உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" அவர் ஒன்றும் பேசவில்லை. பாஸ்புக்கை எடுத்து, அதைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையில் போட்டு, நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பணம் எடுக்காமலே.

"நான் சொல்லல?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவர் கடிகாரத்தைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அது ஏன் என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கிளைக்கு ஒரு நகை மதிப்பீட்டாளர் வருவார். அடகுக்கு வரும் ஒவ்வொரு சங்கிலியையும் அவர் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் கொக்கி. பிறகு பற்றவைத்த இடங்கள். பிறகு கறுப்பு உரைகல்லில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு சொட்டு அமிலம், கோடு நிற்கிறதா கரைகிறதா என்று ஒரு காத்திருப்பு. எடை போட்ட பிறகும் அவர் விட மாட்டார். கல்லு எவ்வளவு, உள்ளே அரக்கு எவ்வளவு என்று கழித்துத்தான் நிகர எடையை எழுதுவார். அரைப் பவுன் மோதிரத்துக்கு அவ்வளவு நிதானம். ஆளை எடை போடுவது என்று நாம் சொல்கிறோமே, அதில் எதையாவது கழிக்கிறோமா?

2014-இல் கறவை மாட்டுக் கடன் பார்வையிட கிழக்கே போக வேண்டி வந்தது. வழக்கமாகக் கள அலுவலர் தன் வண்டியில் போய் வருவார். அவர் விடுப்பில் இருந்தார். மேலாளர் என்னைப் போகச் சொன்னார். பஸ்ஸில் போனேன். காலை பஸ்ஸில் போய், மூன்று வீட்டில் மாட்டைப் பார்த்து, காதில் இருந்த அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்ப நிறுத்தத்துக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்புகிற வண்டி போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"அடுத்தது எப்ப?"

நிறுத்தத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நிதானமாகச் சொன்னார். "சாயங்காலந்தான்."

வேம்பு ஒன்று இருந்தது. ஒரு டீக்கடை இருந்தது, அது மதியம் மூடிவிட்டது. வெயில் கரிசல் வெடிப்புகளில் இருந்து ஏறி முகத்தில் அடித்தது. முதல் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். இரண்டாவது மணி நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. வழி கேட்ட ஒரு பையனிடம் எரிந்து விழுந்தேன். கைபேசியில் பேசிய என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு என்னை முதன்முதலாகப் பார்த்த யாராவது இருந்திருந்தால், பேங்க்காரிக்கு வாய் ஜாஸ்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பாட்டி அங்கே வந்தார்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் வேம்பு நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், இன்னொன்று வெண்மையாக இருந்தது. நான் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னை அவர் பார்த்ததே இல்லை.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கே தாயி?"

மாடு பார்க்க, பேங்கிலிருந்து என்றேன். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேங்க் பேச்சு வந்தது. எங்கள் கிளையைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் செம்பைக் கீழே வைக்க முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரே பஸ். அது டவுனுக்குப் போய்ச் சேரும்போது 10.50. திரும்பி வருவது 12.10. அதை விட்டால் 4.30. அது ஊருக்குள் வந்து சேரும்போது இருட்டிவிடும். ஆடு பட்டிக்குத் திரும்பாது, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

பிறகு சொன்னார்: "அங்கன ஒரு அம்மா இருக்கு, ரெண்டாவது கண்ணாடியில. சிடுசிடுன்னு இருக்கும். பாவம், அதுக்கு வீட்டுல என்ன பாடோ."

இரண்டாவது கண்ணாடி நான்தான். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் அது உறுத்துகிறது.

அன்று இரவு வீட்டில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வங்கி 10 மணிக்குத் திறக்கும். உள்ளூர்க்காரர்கள் 9.30-க்கே வந்து டோக்கன் வாங்கிவிடுவார்கள். கிழக்கு பஸ் 10.50-க்கு வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து எங்கள் வாசலை மிதிக்கும்போது 11.05. அவர்களுக்குக் கிடைக்கும் டோக்கன் 70-க்கு மேல். இரண்டு கவுன்ட்டர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 40 பேர். 70-ஆம் எண்ணைக் கூப்பிடும்போது மணி 11.45. 12.10 பஸ்ஸைப் பிடிக்க 11.55-க்காவது வாசலைத் தாண்ட வேண்டும். நடுவில் இருப்பது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஆறேழு பேர் வேலை முடியும். வந்திருப்பது முப்பது பேர்.

யாராக இருந்தாலும் கத்துவார்கள். ஆறு வயதிலிருந்து அன்பாகப் பேசியே வளர்ந்தவரும் கத்துவார். எந்த ஊரிலிருந்து வந்தாலும், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், 11.45-க்கு அந்த வரிசையில் 80-ஆம் டோக்கனோடு நிற்பவர் சத்தம் போடத்தான் செய்வார். நாங்கள் மூன்று ஊர்களின் குணம் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தது ஒரு பஸ்ஸின் நேரம்.

இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற உளவியலாளர் இருந்தார். 1944-இல் அவரும் மரியான் சிம்மலும் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம். வேறொன்றும் இல்லை. இவை அங்கும் இங்கும் நகரும். 34 மாணவிகளிடம் அதைப் போட்டுக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படி நகர்ந்தது என்று எழுதினார். மற்றவர்கள் கதை எழுதினார்கள். பெரியது முரட்டு ஆள், சின்னது தைரியசாலி, வட்டம் பயந்து ஒளிகிறது என்று. வெறும் கோடுகளுக்கே குணம் கொடுத்துவிடுகிற கண் நமக்கு. கண்ணாடியைத் தட்டுகிற ஒரு கைக்குக் கொடுக்காமல் விடுமா?

ஹைடர் இன்னொன்றும் சொன்னார். ஒருவர் செய்யும் செயல் நம் பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது, அவரைச் சுற்றி இருப்பது மறைந்துபோகிறது என்று. இதைப் படித்தபோது எனக்கு என் நாற்காலி ஞாபகம் வந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்தால் தெரிவது இரண்டடிக்கு ஒன்றரையடிக் கண்ணாடி. அதில் முகம் நிறைந்திருக்கும். கோபமான முகம். அதற்குப் பின்னால் தோள்கள், அதற்கும் பின்னால் சுவர். பஸ் ஸ்டாண்ட் அங்கிருந்து தெரியாது.

அவசரம் மனிதரை என்ன செய்யும் என்று 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 பேர். ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை நிகழ்த்தச் சொன்னார்கள். வழியில் ஒருவர் வாசல்படியில் சரிந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். சிலரிடம் நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள், சிலரிடம் சரியான நேரம்தான் என்று, சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று. நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நடுவில் இருந்தவர்களில் 45 சதவீதம். தாமதம் என்று நினைத்தவர்களில் 10 சதவீதம். அந்த 40 பேரில் பாதிப் பேர் பேசப்போன விஷயம் என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது அவர்களைப் பெரிதாக நிறுத்தவில்லை. கையில் இருந்த நேரம்தான் நிறுத்தியது, ஓடவும் வைத்தது. 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் எங்கள் கிளையில் ஏழு வருஷம் உட்கார்ந்த எனக்கு அந்த எண்கள் ஆச்சரியமாக இல்லை.

ஆனால் அவசரம் மட்டும் காரணமில்லை. அதுவரை மட்டுமே சொல்லி நிறுத்தினால் நான் எங்களைத் தப்பவிட்டதாக ஆகும்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்கள் எப்படி இருந்தன என்று எந்த வங்கி ஊழியரைக் கேட்டாலும் சொல்வார். முதல் நாட்களில் ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றித் தரலாம். அதற்கும் பணம் வந்து சேராது. வாசலுக்கு வெளியே தெரு முனை வரை வரிசை. அப்போது கத்தாதவர் யார்? தலைமையாசிரியர் கத்தினார். ஜவுளிக்கடை முதலாளி கிரில் கதவைப் பிடித்து உலுக்கினார். ஓய்வுபெற்ற தாசில்தார் எங்கள் காசாளரை ஒருமையில் திட்டினார். கிழக்கு ஆட்கள் பல வருஷமாகச் செய்ததைவிட மோசமாகவே ஊர் முழுக்கச் செய்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கணக்கு முடித்துவிட்டு டீ குடிக்கும்போது நாங்கள் பேசிக்கொண்டது என்ன? "பாவம், அவரு மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு, என்ன பண்ணுவாரு." "கடையில வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்கணும்ல." யாருமே வாத்தியார்களுக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் சமூகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கத்தினால் அதற்குக் காரணம் இருந்தது. கிழக்கு கத்தினால் அது குணம்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் நம் பக்கத்திலேயே. 1974-இல் டொனால்ட் டெய்லர், வைஷ்ணா ஜக்கி என்ற இருவர் தென்னிந்தியாவில் அலுவலக எழுத்தர்களாக வேலை பார்த்த இந்துக்களிடம் சில சூழ்நிலைகளைச் சொல்லிக் காரணம் கேட்டார்கள். ஒரு கடைக்காரர் தாராளமாக நடந்துகொள்கிறார் அல்லது ஏமாற்றுகிறார் என்பது போன்ற சாதாரண சூழ்நிலைகள். கடைக்காரர் இந்து என்று சொன்னபோது, நல்லது செய்தால் அது அவர் குணம், கெட்டது செய்தால் ஏதோ சூழ்நிலை. கடைக்காரர் முஸ்லிம் என்று சொன்னபோது இது தலைகீழாக ஆனது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979-இல் இதைப் பொதுவான ஒரு பிழையாக விளக்கினார். வேற்று ஆளின் கெட்டதை ரத்தத்தில் எழுதுவது, நல்லதை விதிவிலக்கு என்று ஒதுக்குவது.

அலுவலக எழுத்தர்கள். அந்தச் சொல்லை வாசித்ததும் எனக்கு உடம்பு கூசியது. எங்களைப் போல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, படிவம் நிரப்பி, யார் முதலில் யார் கடைசியில் என்று தினமும் முடிவு செய்தவர்கள். நாம் மனதுக்குள் எழுதிக்கொள்கிற காரணம் மனதுக்குள் நிற்பதில்லை. அது பாஸ்புக்கைத் திருப்பித் தள்ளுகிற கையாகிவிடுகிறது. கடன் விண்ணப்பத்தில் கேட்கிற ஒரு கூடுதல் கேள்வியாகிவிடுகிறது.

இந்தியர்களுக்கு இந்த நோய் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கும் ஆதாரமாக ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்டது. மைசூரில் இந்துக்களிடமும் சிகாகோவில் அமெரிக்கர்களிடமும், தெரிந்தவர் ஒருவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி ஏன் செய்தார் என்று விளக்கச் சொன்னார். சிகாகோவில் பெரியவர்கள் அவர் சுபாவத்தைச் சொன்னார்கள். மைசூரில் பெரியவர்கள் அவர் இருந்த நிலையை, அவருக்கும் மற்றவருக்கும் இருந்த உறவை, கடமையைச் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டு ஊரும் பிரிந்து போயின. ஆக இது பிறவியில் வருவதில்லை, வளர வளரக் கற்றுக்கொள்வது.

நம் பேச்சைக் கவனித்தால் மில்லர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஒருவன் தப்பு செய்தால் நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! சேர்க்கை சரியில்லை. நேரம் சரியில்லை. வீட்டுல நிம்மதி இல்ல. பொண்டாட்டி செத்ததிலிருந்து இப்படி ஆயிட்டான். பாட்டி என்னைப் பற்றிச் சொன்னாரே, வீட்டுல என்ன பாடோ என்று. அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. அவமானப்படுத்தியவளுக்கும் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரு பாடு இருக்கும் என்று அவரால் யோசிக்க முடிந்தது. அவர் பள்ளிக்கூடம் போகாதவர், கைநாட்டு. நான் வணிகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள்.

அப்படியானால் எங்கள் கிளையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். தலைமையாசிரியருக்காக, ஜவுளிக்கடைக்காரருக்காக அது உடனே வந்து நின்றதே. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போவோம். மகள் கல்யாணம் தெரியும், கடையில் எத்தனை வேலையாள் என்று தெரியும். தெரிந்த வீட்டுக்குத்தான் நம் சூழ்நிலைக் கண் திறக்கிறது. கடன் பார்வையிடப் போனதைத் தவிர கிழக்கில் எந்த வீட்டு வாசலையும் நாங்கள் மிதித்ததில்லை. அந்த ஊர்க்காரர் யாரும் எங்கள் தெருவில் வாடகைக்குக் கூட இருக்கவில்லை, அதற்கான காரணமும் எங்களுக்குத் தெரியும்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கே?" என்று பாட்டி கேட்டதும் அதே கண்தான். நம் ஊர்ப்பக்கம் புதிய ஆளைப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள். யாரு வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, அம்மா வழி எந்த ஊர். தனி மனிதனாக ஒருவரைப் பார்க்காமல் ஒரு வலைக்குள் வைத்துப் பார்ப்பது. அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, நான் அனுபவித்திருக்கிறேன். அதே கேள்வியை வேறு குரலில் கேட்டால் அது சாதி விசாரிப்பு. பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில், முதல் நாள் கல்லூரி விடுதியில் அதைக் கேட்டு நெஞ்சு இறுகியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சூழலைப் பார்க்கிற நம் பழக்கத்தை நான் மெச்சத்தான் செய்கிறேன். ஆனால் யாருடைய சூழலை, எதற்காகப் பார்க்கிறோம் என்று கேட்காமல் மெச்ச முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதைதான் நடந்தது. எங்கள் சர்வர் வாரத்தில் இரண்டு நாள் படுத்துவிடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். வெளியே நிற்பவருக்குத் திரை தெரியாது, சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாதான் தெரிவார். "கைநிறையச் சம்பளம் வாங்கிட்டு கால் மேல கால் போட்டுட்டு உக்காந்திருக்காளுக." இதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அவர்கள் பஸ் தெரியவில்லை, அவர்களுக்கு எங்கள் சர்வர் தெரியவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அவர்கள் எங்களைத் தப்பாக நினைத்ததால் எங்களுக்கு ஒரு நாள் மனவருத்தம். நாங்கள் அவர்களைத் தப்பாக நினைத்ததால் ஒரு பாட்டி பணம் எடுக்காமல் 18 கிலோமீட்டர் திரும்பிப் போனார்.

நம் தப்புக்குச் சூழ்நிலையும் அடுத்தவர் தப்புக்குக் குணமும் சொல்வது மனித இயல்பு என்று 1971-இல் இருந்து பாடப்புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 2006-இல் பெர்ட்ரம் மாலே என்பவர் 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படி ஒரு பொது விதியாக அது நிற்கவில்லை என்று தெரிந்தது. கெட்ட காரியங்களுக்கு விளக்கம் சொல்லும்போதுதான் அது தலைகாட்டுகிறது. எனக்கு இது ஒரு ஆறுதல். மூளையின் அமைப்பே அப்படி என்றால் நாங்கள் பாவமில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆகக் கூடாது.

கணக்குப் போட்ட அந்தத் தாளை மேலாளரிடம் காட்டினேன். நல்ல மனிதர். தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா யாருமே பஸ் டைம் கேக்கலையா?" என்றார். 2015 தொடக்கத்திலிருந்து 11.10 முதல் 11.50 வரை ஒரு கவுன்ட்டரை அந்த பஸ்ஸில் வருபவர்களுக்கு மட்டும் ஒதுக்கினோம். உள்ளூர்க் கடைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அலுவலக உதவியாளர் அண்ணன் வாசலில் நின்று, பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தனி டோக்கன் கொடுத்தார். இரண்டே வாரத்தில் சத்தம் நின்றது. மெதுவாகக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், நின்றேவிட்டது. பாட்டிகள் பாஸ்புக்கைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். சிலர் பேத்தி படிப்பு பற்றிப் பேசினார்கள். எங்கள் காசாளர் அப்போதுதான் முதன்முதலாக அவர்களில் சிலர் பெயரைத் தெரிந்துகொண்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில மாதம் கழித்து மதியச் சாப்பாட்டின்போது ஒரு சக ஊழியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "பார்த்தீங்களா, தனி டோக்கன், தனி லைன்னு கொஞ்சம் கண்டிப்பா இருந்ததும் எப்படி அடங்கிட்டாங்க. அவங்ககிட்ட அப்படித்தான் இருக்கணும்."

நான் பஸ் கணக்கைத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார். "அது சரிதான் மேடம். ஆனா அடிப்படையில..." என்று இழுத்தார். சத்தம் போன பிறகும் பெயர் போகவில்லை. முன்பு சத்தம் அவர்கள் குணத்துக்குச் சாட்சி, இப்போது அமைதி எங்கள் கண்டிப்புக்குச் சாட்சி. எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அந்தப் பழைய நம்பிக்கை அதைத் தின்று கொழுத்தது. அவர் கெட்டவர் இல்லை. கடனில் தவித்த ஒரு உதவியாளருக்குத் தன் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தவர். அவரைப் பற்றியும் நான் ஒரே வரியில் எழுதிவிடக் கூடாது என்று இதை எழுதும்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். என்ன பார்த்து வளர்ந்தார், எந்தத் தெருவில், யார் வாயிலிருந்து இதை முதலில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

2018-இல் எனக்கு மாற்றல் வந்தது. இப்போது வேறு மாவட்டம், பெரிய ஊர். போன மாதம் ஒரு புதிய பையன் எங்கள் கிளையில் சேர்ந்தான். முதல் நாள், சீனியர் ஒருவர் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த அலமாரியில் என்ன, யாரிடம் கையெழுத்து. நடுவே குரலைத் தாழ்த்தி, "வியாழக்கிழமை மட்டும் கூட்டம் ஒரு மாதிரி இருக்கும்பா. மலைப்பக்கத்து ஆளுங்க. கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்றார்.

"வியாழக்கிழமை என்ன சார்?" என்று கேட்டேன். "சந்தையா?"

அவர் என்னைப் பார்த்தார். இந்தக் கிளையில் ஒன்பது வருஷமாக இருக்கிறார்.

"தெரியலையே மேடம்."

வருகிற வியாழக்கிழமை காலையில் சீக்கிரமே கிளம்பி, முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.